கம்பனி வாகனம் மோதினால்: பில் வேறு, குற்றம் வேறு

கம்பனி வாகனம் எங்கேயோ மோதிவிட்டது என்று போன் வந்தால் நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முதலாளிமார் முதலில் ஆளைப் பற்றித்தான் கேட்பார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அடுத்த நிமிடமே கேள்வி மாறிவிடும்: இந்தச் செலவு யார் தலையில்? அப்படி யோசிப்பதும் இயல்புதான். பிழை அதற்குப் பிறகு நடக்கிறது. கராஜ்காரர் சொல்லும் தொகையே சாரதிக்கான தண்டனையையும் தீர்மானித்துவிடுகிறது. 30,000 ரூபாய் என்றால் ஏச்சோடு முடியும், 3 இலட்சம் என்றால் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டு, அதற்கும் மேலே போனால் "நாளையில இருந்து வர வேணாம்".

இரண்டு சாரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரவு எட்டு மணிக்கு வாழைச்சேனையில் சாமான் இறக்கிவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்புகிறார், கிரான் தாண்டி சந்திவெளிக்கு வரும்போது எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, இருட்டுக்குள் இருந்து ஒரு மாடு குறுக்கே பாய்கிறது. மெதுவாகத்தான் வந்தார், பிரேக்கும் பிடித்தார், ஆனாலும் வேனின் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. மற்றவர் மத்தியானம் குடித்துவிட்டு வந்து கம்பனி ஸ்டோர் வாசலிலேயே லொறியை ரிவர்ஸ் எடுத்து கேட் தூணில் உரசிவிட்டார், சைட் கண்ணாடி மட்டும் உடைந்தது. பில்லைப் பார்த்தால் முதலாமவர் பெரிய குற்றவாளி. நடத்தையைப் பார்த்தால் இரண்டாமவரை அன்றைக்கே சாவியை வாங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது எது என்று உங்களுக்கே தெரியும். சைட் கண்ணாடிக்காரர் அடுத்த நாள் அதே லொறியில் அம்பாறைக்குப் போவார்.

வாகன விபத்துக்குப் பிறகு ஒரு நிறுவனத்தின் மேசையில் உண்மையில் மூன்று கோவைகள் இருக்கின்றன. பொலிசும் நீதிமன்றமும் ஒன்று, காப்புறுதி ஒன்று, ஊழியர் மீதான ஒழுக்காற்று நடவடிக்கை ஒன்று. மூன்றும் ஒரே சம்பவத்தில் பிறந்தாலும் மூன்றும் கேட்கும் கேள்வி வேறு வேறு. நீதிமன்றம் சட்டம் மீறப்பட்டதா என்று பார்க்கும். காப்புறுதிக் கம்பனி ஒப்பந்தப்படி பணம் கொடுக்க வேண்டுமா என்று பார்க்கும். ஒழுக்காற்று விசாரணை பார்க்க வேண்டியது, இந்த ஊழியர் தன் வேலையில் செய்யக்கூடாத எதையாவது செய்தாரா, அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா என்பதை மட்டும்தான். நம் ஊரில் இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே வெள்ளைத்தாளில் முடித்துவிடப் பார்க்கிறோம். பிறகு வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பொலிஸ். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து நடந்தால் சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், கேட்டால் பெயர் முகவரி கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். இதில் கம்பனிக்கு வேலை இல்லை, இது சாரதியின் சொந்தக் கடமை. மனேஜர் போனில் "நிக்காம வந்திடு, இங்க வந்து பாப்பம்" என்று சொன்னார் என்பது நீதிமன்றத்தில் சாரதியைக் காப்பாற்றாது. ஆனால் அலுவலக விசாரணை என்று வந்தால் அந்த போன் அழைப்பு மிக முக்கியமான சாட்சி, அதைத்தான் முதலில் மேசையில் வைக்க வேண்டும்.

பிறகு வழக்கு. கவனயீனமாக ஓட்டியதாகக் குற்றம் சாட்டி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தால் சாரதிக்குக் கிடைக்கும் வழக்கமான ஆலோசனை: "ஏத்துக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிட்டு வா தம்பி, அலைச்சல் மிச்சம்." சொல்கிறவர் பெரும்பாலும் கம்பனி ஏற்பாடு செய்த ஆள். கம்பனிக்கு அது உண்மையிலேயே மிச்சம்தான், வாகனத்தை விடுவிக்கலாம், அடுத்த நாள் ஓட்டத்துக்கு விடலாம். சாரதிக்கு அப்படியில்லை. குற்றத்தை ஏற்றுக்கொண்ட அந்தப் பதிவு காணாமல் போகாது. அடுத்த மாதம் அதே கம்பனி குற்றப்பத்திரம் கொடுக்கும்போது "நீரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டீர்தானே" என்ற வசனமாக அது திரும்பி வரும். காயப்பட்டவர் நட்டஈடு கேட்டுப் போடும் வழக்கிலும் அது தலை காட்டலாம். ஒரு ஆள் இறந்திருந்தால் விளையாட்டே வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் கவனயீனத்தால் மரணம் விளைவித்ததற்கு 5 வருடம் வரை சிறை இருக்கிறது. அந்த நிலையில் கம்பனிக்கும் சாரதிக்கும் ஒரே சட்டத்தரணி என்பது சாரதிக்கு நல்லதல்ல, ஏனென்றால் பிரேக் சரியில்லை என்று சாரதி சொல்ல வேண்டி வந்தால் அதே சட்டத்தரணி வாகனத்தின் சொந்தக்காரருக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஊழியர்கள் அடிக்கடி தவறாக நம்பும் இடம் அது. வழக்கில் விடுதலையானால் கம்பனியால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறார்கள். முடியும். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வேலை சம்பந்தமான பிணக்கில், நடந்திருக்கக்கூடிய வாய்ப்பு எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறது என்பதே அளவுகோல், 1975இல் நமது உயர் நீதிமன்றமே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பொலிஸ் வழக்கே போடாத ஒரு சம்பவத்துக்கும் கம்பனி முறைப்படி விசாரணை வைத்து நடவடிக்கை எடுக்கலாம், அதற்கு நீதவானின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

காப்புறுதிக்கு வருவோம். இங்கேதான் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை. வாகனத்துக்கு புல் இன்சூரன்ஸ் இருந்தால் திருத்தும் செலவின் பெரும்பகுதி காப்புறுதியிலிருந்து வரும். முதலாளி தன் கையால் போடுவது ஒப்பந்தத்தில் சொன்ன ஆரம்பத் தொகை, தேய்மானக் கழிவு, விபத்தில்லாமல் ஓடியதற்குப் பிரீமியத்தில் கிடைத்து, அடுத்த வருடம் இழக்கும் சலுகைக் கழிவு, வாகனம் கராஜில் கிடந்த நாட்களின் நட்டம், இவ்வளவுதான். அப்படியிருக்க சாரதியிடம் முழு பில்லையும் காட்டி முழுத் தொகைக்கும் கையெழுத்து வாங்குவது ஒரே சேதத்துக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவது. இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாரதி கேட்க வேண்டிய முதல் கேள்வி "காப்புறுதி எவ்வளவு கொடுத்தது" என்பதுதான், அதைக் கேட்டால் முகம் மாறுகிற முதலாளியிடம் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

பழைய வாகனத்துக்கு மூன்றாம் தரப்பு காப்புறுதி மட்டும் போட்டிருந்தால், தன் வாகனத்தின் சேதத்தைத் தானே தாங்குகிறேன் என்று முதலாளி வருடத் தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர் அவர், விபத்து நடந்த பிறகு அந்த முடிவின் விலையைச் சாரதி கட்ட வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது, பேசி முடிப்பது. ஊருக்குள் ஒரு சைக்கிள்காரரையோ முச்சக்கர வண்டியையோ தட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும், கோயில் நிர்வாகியான வண்ணக்கரோ பள்ளிவாசல் தலைவரோ வருவார்கள், "பொலிஸ் என்ட்ரி கிந்திரி ஒண்டும் வேணாம், இந்தப் பிள்ளைக்கு ஒரு தொகையைக் குடுத்திட்டுப் போங்க" என்று முடிவாகும். மனிதர்களுக்குள் சண்டை வராமல் தடுப்பதில் இந்த வழக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் காப்புறுதி ஒப்பந்தங்கள் பொதுவாக, எங்களைக் கேட்காமல் பிழையை ஏற்காதே, தொகை பேசாதே என்றுதான் சொல்கின்றன. சாரதி வீதியில் நின்று தன் கைக்காசைக் கொடுத்து முடித்துவிட்டு வந்தால் காப்புறுதி கைவிரிக்கலாம், கம்பனி "யாரைக் கேட்டுக் கொடுத்தாய்" என்று கேட்கலாம், அந்தக் காசும் திரும்ப வராது. மாடு என்றால் இன்னும் வேடிக்கை. இரவெல்லாம் சொந்தக்காரர் இல்லாமல் ஏ15 வீதியில் படுத்துக் கிடந்த மாட்டுக்கு, அடிபட்ட பத்தாவது நிமிடத்தில் சொந்தக்காரர் வந்துவிடுவார், சிலவேளை இரண்டு பேர் வருவார்கள். எல்லா மாடும் கறவை மாடுதான்.

சரி, ஒழுக்காற்று நடவடிக்கை. விபத்து நடந்தது என்பது மட்டும் ஒரு குற்றச்சாட்டு ஆகாது. "நீர் கம்பனிக்கு 4 இலட்சம் ரூபாய் நட்டம் ஏற்படுத்தினீர்" என்று எழுதப்படும் குற்றப்பத்திரம் விளைவைச் சொல்கிறதே தவிர, ஊழியர் செய்த செயல் எது என்று சொல்வதில்லை. எந்த வேகத்தில், எந்த விதியை மீறி, எந்தக் கட்டளைக்கு மாறாக என்று இருக்க வேண்டும். ஒரு கணம் கணிப்புப் பிழைப்பது எந்த நல்ல சாரதிக்கும் நடக்கும், அதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையே கூட சிலவேளை அதிகம். தொடர்ந்து கவனமில்லாமல் ஓட்டி, ஏற்கனவே இரண்டு கடிதம் வாங்கிய ஒருவர் மூன்றாவது தடவையும் அதையே செய்தால் அது வேறு. குடித்துவிட்டு ஓட்டியது, ஞாயிற்றுக்கிழமை கம்பனி வேனில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்குப் போனது, லைசன்ஸ் இல்லாத கிளீனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தது, இவற்றில் வாகனத்துக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும் கடுமையான நடவடிக்கைக்கு இடம் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பாரதூரமாக நான் நினைப்பது மறைப்பதைத்தான். மோதியதைச் சொல்லாமல் வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவது, காலையில் "யாரோ அடிச்சிட்டுப் போயிருக்கான்" என்பது, ஓட்டியவர் ஒருவர் இருக்க லைசன்ஸ் உள்ள இன்னொருவரின் பெயரைக் காப்புறுதிக்குக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது மோசடி. அதைச் சில இடங்களில் மனேஜரே சொல்லிச் செய்விக்கிறார் என்பதுதான் கசப்பு. சாரதிக்கு நான் சொல்வது ஒன்றுதான், அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் மனேஜர் போனில் சொன்னது எங்கும் எழுத்தில் இருக்காது, உங்கள் கையெழுத்து இருக்கும்.

அதேவேளை ஊழியர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பில் முழுக்கத் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்த ஒருவர் உண்மை சொல்ல மாட்டார். முழுச் சேதத்தையும் சாரதியிடமே அறவிடும் கம்பனியில் சிறிய மோதல்கள் வெளியே வராது, பிரேக் இழுக்கிறது, டயர் மொட்டையாகிவிட்டது என்ற முறைப்பாடுகளும் வராது, ஏனென்றால் வாகனத்தில் ஒரு குறை இருக்கிறது என்று சொன்னால் "நீ எப்படி ஓட்டினாய்" என்றுதான் திரும்பி வரும்.

இனி நிறுவனத்தின் பங்கு. எந்த நியாயமான விசாரணையும் இதைத் தொடாமல் முடியக்கூடாது, ஆனால் பெரும்பாலான விசாரணைகள் இதைத் தொடுவதே இல்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் ஓடும் விநியோக வாகனங்களைப் பாருங்கள். பட்டா என்ற சின்ன லொறி ஒன்றில் ஒரே ஆள்தான் சாரதி, விற்பனையாளர், காசு சேகரிப்பவர், சாமான் இறக்குபவர் எல்லாம். காலையில் கல்முனையில் ஏற்றி, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கடைகடையாகப் போய், இருட்டின பிறகு திரும்புகிறார். வழி முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும், இன்றைக்கு எவ்வளவு, இந்தக் கடையில் செக் வாங்கினாயா, டார்கெட் என்ன ஆச்சு. அடிப்பவர் அவருடைய மேலதிகாரி. ஒரு நாள் அந்த போனை எடுத்துக்கொண்டிருக்கும்போது வாகனம் முன்னால் போன டிராக்டர் பெட்டியில் மோதினால், குற்றப்பத்திரத்தில் "வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசி பாவித்தமை" என்று வரும். உண்மைதான், பாவித்தார், அதற்கு அவர் பொறுப்பு. ஆனால் அழைப்பை எடுத்தவரை மட்டும் விசாரித்து, திரும்பத் திரும்ப அழைத்தவரையே விசாரணை அதிகாரியாகப் போட்டால் அதற்கு விசாரணை என்று பெயர் வைக்க முடியாது.

நேரமும் அப்படித்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டு, விடியப் புறக்கோட்டையில் இறக்கி, அங்கே சாமான் ஏற்றி, அன்றைக்கே திரும்பு என்று அனுப்பப்படும் சாரதி மன்னம்பிட்டிக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் கண்ணயர்ந்தால், நித்திரை தூங்கியது அவர் என்றாலும் அந்த ஓட்டத்தை எழுதியது வேறு ஒருவர். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும், வெளிச்சமில்லாத டிராக்டர் பெட்டிகள் சாமத்திலும் ஓடும், அம்பாறையிலிருந்து மகாஓயாப் பக்கம் போனால் யானை. இவையெல்லாம் ஒவ்வொரு வருடமும் வருகின்றன, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பல, இருட்டின பிறகு வாகனம் ஓடக்கூடாது, சீட் பெல்ட் இல்லாமல் ஓடக்கூடாது, ஒவ்வொரு பயணமும் எழுதப்பட வேண்டும் என்று சட்டம் போட்டபோது நம் ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் அங்கே வேலை செய்த சாரதிகளுக்கு எது குற்றம், எது குற்றமில்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. விதி எழுத்தில் இல்லாத இடத்தில் விதியை மீறியதாக ஒருவரைத் தண்டிப்பது கடினம்.

லைசன்ஸ் வகையும் இதில் சேரும். 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட மொத்த நிறையுள்ள லொறியை ஓட்ட, கார் வேன் ஓட்டும் சாதாரண லைசன்ஸ் போதாது, இலகு லொறிக்கான வகை தனியாக வேண்டும். வழக்கமான சாரதி வராத நாளில் "தம்பி நீ ஒருக்கா ஓட்டு, கிட்டத்தானே" என்று ஸ்டோர் பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பி, அவர் எங்காவது மோதினால், காப்புறுதி மறுத்துவிடும், பொலிஸ் பிடிக்கும். அலுவலகத்தில் ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது என்றால் முதலில் நிற்க வேண்டியவர் சாவி கொடுத்தவர்.

மூன்றாம் ஆளுக்குக் காயம் என்றால் பொறுப்பு இன்னும் விரியும். நமது நாட்டில் இந்த விஷயத்தில் உரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை, வேலையின்போது ஊழியர் செய்த கவனயீனத்துக்கு வேலை கொடுத்தவரும் பொறுப்பு. பாதையில் ஒரு தேநீர் குடிக்கக் கொஞ்சம் விலகினார் என்பதற்காக முதலாளி தப்ப முடியாது, வேலையை முழுக்க விட்டுவிட்டுத் தன் சொந்தக் காரியத்துக்காக வேறு ஊருக்கே போய்விட்டார் என்றால் வாதிடலாம். சாரதிக்கே காயம் என்றால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வரும், அங்கே கேள்வி காயம் வேலையால் வந்ததா என்பது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் விளக்கம் கோரும் கடிதத்தைக் கொடுக்கும் அவசரத்தில் அவருக்கு நட்டஈட்டு உரிமை இருக்கிறது என்பதை நிர்வாகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இப்போது சம்பள வெட்டு. கடை காரியாலய ஊழியர் சட்டமும் சரி, சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் சரி, முதலாளி தான் நினைத்த தொகையைத் தான் நினைத்த காரணத்துக்கு வெட்ட இடம் கொடுக்கவில்லை, சட்டம் அனுமதித்த கழிவுகளே, அதுவும் அளவுக்குள். விபத்து நடந்த அன்று இரவு பதறிப்போய் நிற்கும் ஒருவரிடம் "மாதம் 10,000 ரூபாய் கழிக்கச் சம்மதம்" என்று வாங்கும் கடிதம் முதலாளி நினைக்கிற அளவு பலமானதில்லை. வெள்ளைத்தாளில் வெறும் கையெழுத்து வாங்கி வைப்பது அதைவிட மோசம், பிறகு அதில் என்ன எழுதப்பட்டாலும் அது எழுதியவரையே சந்தேகத்துக்குள் தள்ளும். உண்மையில் சேதத்தை ஊழியரிடமிருந்து பெறத்தான் வேண்டும் என்று முதலாளி கருதினால், பொறுப்பை நிரூபித்துக் கேட்கச் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகும் முதலாளிகள் அரிது, போகாததற்குக் காரணமும் நமக்குத் தெரியும், அங்கே பிரேக் திருத்திய பில்லையும் கேட்பார்கள்.

ஊழியர் சேமலாப நிதியை யாரும் தொட முடியாது, அது முதலாளியின் பெட்டியில் இல்லை. "ஈபிஎப் படிவத்தில கையெழுத்து வைக்க மாட்டன்" என்று மிரட்டுவது வெறும் மிரட்டல், தொழில் திணைக்கள அலுவலகத்தில் சொன்னால் வழி பிறக்கும். வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலத்துக்காகக் கிடைக்கும் பணிக்கொடை கொஞ்சம் வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தியது, பொருளையோ சொத்தையோ இழக்கச் செய்தது ஆகிய காரணங்களுக்காக ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அந்த இழப்பின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்க வைக்கிறது. கவனியுங்கள், அந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பின் அளவுக்கு மட்டும்தான். பத்து வருடம் வேலை செய்து தானாக விலகும் ஒருவரின் பணிக்கொடையில், என்றோ நடந்த மோதலின் டிங்கரிங் பில்லைக் கழிப்பதற்கு அதில் இடமில்லை.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதில் தனியார் துறைக்கு ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. உள்ளக விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக வைக்காமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. நீக்கப்பட்டவர் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போனால், அங்கே எல்லாம் ஆரம்பத்திலிருந்து மீண்டும் விசாரிக்கப்படும், நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. அன்றைக்கே எடுத்த படங்கள், சாரதியின் வாக்குமூலம், ஓட்டங்களை எழுதும் ரன்னிங் சாட், பராமரிப்புப் பதிவு, விளக்கம் கேட்ட கடிதம், அதற்கு வந்த பதில் எதுவும் கையில் இல்லாமல் இரண்டு வருடம் கழித்து சாட்சிக் கூண்டில் நின்று "அவர் கவனயீனமாகத்தான் ஓட்டினார்" என்று மனேஜர் சொன்னால் யார் கேட்பது? சபை நீதியும் ஒப்புரவும் பார்த்துக் கட்டளையிடும், பழைய சேவைக்காலமும் அதில் எடை பெறும். திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு 6 மாதம், அதைத் தவற விட்டவர்களுக்கு எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் பயனில்லை.

1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தையும் மறக்கக்கூடாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு எந்தக் காரணத்துக்கும் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. "உன்மேல பிழை இல்ல தம்பி, ஆனா வேன் போயிட்டு, உனக்கு ஓட்ட வாகனம் இல்ல" என்று மென்மையாகச் சொல்லி அனுப்புவது இந்த வலைக்குள் நேராக விழும். ஒழுக்காற்றுக் காரணம்தான் என்றால், நிறுத்திய நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கொடுக்காமல் வாய்வார்த்தையில் அனுப்பும் கம்பனிகள் தங்களுக்கே குழி வெட்டுகின்றன.

அரச அலுவலகத்தில் கதை வேறு தாளத்தில் போகும். கச்சேரி கெப் மோதினால் அரசின் நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 104இன் கீழ் 7 நாளுக்குள் ஆரம்ப அறிக்கை, 3 மாதத்துக்குள் முழு அறிக்கை. தன் தாமதம், கவனயீனம், பிழை, மோசடி ஆகியவற்றால் அரசுக்கு வந்த நட்டத்துக்கு உத்தியோகத்தர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று 102ஆம் பிரமாணம் சொல்கிறது, அதாவது தனியார் துறையில் முதலாளி செய்ய முடியாத ஒன்றை அரசு தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே யார் பொறுப்பு, எவ்வளவுக்கு என்று ஒரு சபை விசாரித்துச் சொல்ல வேண்டும், ஒழுக்காற்று நடவடிக்கை அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதிப்படி தனியாகப் போகும். இரண்டு பாதையும் தனித்தனி என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்று மாத அறிக்கை மூன்று மாதத்தில் வருவதில்லை, வருடக்கணக்கில் வாகனம் கொட்டிலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் என்பது வேறு குறை.

கடைசியாக, மோதலுக்குப் பிறகு இங்கே அதிகம் நடப்பது நீக்கமும் இல்லை, விசாரணையும் இல்லை. "கொஞ்ச நாள் வீட்ட நில்லு, கூப்பிடுறம்" என்பார்கள். அல்லது "ராஜினாமாக் கடிதம் ஒன்டு எழுதித் தா, கேஸ் கீஸ் இல்லாம முடிச்சிடுவம்." ராஜினாமா எழுதிக் கொடுத்தவர் பிறகு நியாய சபையில் அது வற்புறுத்தி வாங்கியது என்று தானே நிரூபிக்க வேண்டும், அது இலேசில்லை. வீட்டில் நின்றவருக்கு இரண்டு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததால் நீராகவே வேலையை விட்டுவிட்டீர் என்று கடிதம் வரும். ஆகவே நில் என்று சொன்னால் எத்தனை நாளுக்கு, சம்பளத்தோடா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அந்த வாரமே, இன்ன திகதியில் இன்னார் என்னை வர வேண்டாம் என்றார், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று நான்கு வரியில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிரதியையும் தபால் கந்தோர் துண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.